இல்லத்தில் தந்தையின் இடம்

பொருளீட்டித் தருதலே தந்தையின் கடன் என்றும், மக்களை வளர்த்தல் தாய்க்கே உரிய தொழில் என்றும் நம்மவருட் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை, யான் பிறந்து வளர்ந்த ஆறுமுகநேரியைக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றேன்.

எம்மூரைச் சூழ்ந்து உப்பளங்கள் உள. தை மாதத்திற் பாத்தி திருத்தத் தொடங்கினால், ஐப்பசியிற் பருவமழை இறங்கும்வரை வேலை ஓயாது. எந்தையார் அவ்வளங்களில் உப்பு வாரும் கூலியாளர். கதிர் தோன்றுமுன் சென்று, வெண்மையின் கூச்சத்தாற் கண் சிவந்து மீள்வார். மழைக்காலத்திலோ வேலையுமில்லை, கூலியுமில்லை. தமிழக அரசு இத்தொழிலாளர்க்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது 2022-ஆம் ஆண்டிலேயாம். எம் இளமையில் அதுவுமின்றி, அடுப்பெரிக்க அன்னையார் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று.

ஆயினும் எனக்குக் கணக்கு வந்தது அம்மாதங்களிலேதான். எந்தையார் எழுத்தறியாதவர், மனக்கணக்கில் வல்லவர். மாலைதோறும் என்னை அருகிருத்தி, "மூடைக்கு 15 காசு கூலியானால் 37 மூடைக்கு எவ்வளவு?" என வினவுவார். விடை பிழைத்தாற் சினவார்; மீண்டும் வினவுவார். கல்லூரி வாயிலை எனக்குத் திறந்தவை அவ்வினாக்களே.

அயலூராகிய காயல்பட்டினத்து ஆடவர் நெடுங்காலமாக வாணிகத்தின்பொருட்டு இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்று வந்தனர். அவ்வூரினனான என் பள்ளித் தோழனின் இல்லத்திற் பொருட்குறை யாதுமில்லை. தந்தையோ ஈராண்டுக்கொருமுறை வருவார். ஒருநாள் அவன், "உன் வாப்பா நாள்தோறும் உன்னிடம் என்ன கேட்பார்?" என்றான். அக்கேள்வி இன்றும் என் நெஞ்சை விட்டகலவில்லை.

தந்தையில்லா இல்லம் தாழ்ந்ததென்பது என் கருத்தன்று. தனித்து நின்று மக்களைச் சான்றோராக்கிய தாயர் எம்மூரிற் பலர். தாய்மாமன் தந்தையாகி நின்ற குடும்பங்களும் உள. எனினும் இருவர் சுமக்கவேண்டிய பாரத்தை ஒருத்தியே சுமந்தாள் என்பதை மறத்தலாகாது.

தொலைவும் இதற்குத் தடையாகாது. 1928-ஆம் ஆண்டு கோடையில், முசோரியிலிருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு ஜவாஹர்லால் நேரு உலகத் தோற்றம் பற்றி வரிசையாகக் கடிதங்கள் எழுதினார். அவை 1929-இல் நூலாயின. அயல்நாட்டில் உழைக்கும் தந்தைக்கு இந்நாளிற் கைப்பேசி உண்டு. அனுப்பிய பணம் வந்ததா என்று மட்டும் கேளாது, இன்று என்ன கற்றாய் என்றும் கேட்கலாமன்றோ?

நாளைத் தந்தையராகும் மாணவ நண்பர்களே! உங்கள் பிள்ளைக்கு நாள்தோறும் ஒரு நாழிகையேனும் ஒதுக்குவீராக. அதற்குச் செல்வமும் வேண்டா, பெருங்கல்வியும் வேண்டா.