நூற்றில் ஆறு

வடுகபட்டிச் சந்தையில் பூண்டு மூட்டைக்குள் அப்பா முழங்கைவரை கையை விடுவார். மேலே கிடப்பதை அவர் நம்பியதில்லை. அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சாக்கில் பரப்பிச் சொத்தையை ஒதுக்குவார். விலை சொல்வது அதற்குப் பிறகுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் இதே பரீட்சை.

ஒரு வியாழக்கிழமை, சந்தையில் வைத்தே அவருக்குப் பேச்சும் வலது கையும் போயின. மணி பத்தே கால். நேரம் தெரிந்திருந்தது நல்லதாயிற்று என்றார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மதுரை போய்ச் சேர்ந்து, தலையை ஸ்கேன் எடுத்து, கசிவில்லை அடைப்புத்தான் என்று நிச்சயமானபின், இளம் டாக்டர் ஒருவர் காகிதத்தை நீட்டினார். எடைக்குத் தக்க அளவு. பத்தில் ஒரு பங்கு ஒரே நிமிஷத்தில், மிச்சம் ஒரு மணி நேரத்தில்.

“நூத்துல ஆறு பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், சார். சம்மதமா?”

போட்டேன். நள்ளிரவில் வாந்தி. இரண்டாவது படத்தில் இடது பக்கம் வெள்ளையாக ரத்தம். நாலாம் நாள் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

“ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க” என்றார் சித்தப்பா. பூண்டு தின்றே ரத்தம் தண்ணீராகிவிட்டதென்று இன்னொருவர் வைத்தியம் பேசினார். டாக்டர் மேல் எனக்குக் குறையில்லை. அந்த ஆறு எங்கிருந்து வந்ததென்று பிறகு தேடினேன். அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்து 1995இல் வெளியான சோதனை. மருந்து ஏறியவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு 36 மணி நேரத்துக்குள் கசிவு. வெறும் ஊசிக்காரர்களில் 0.6. ஆனால் மூன்று மாதத்தில் இறந்தவர்கள் 17க்கு 21. எழுந்து பழையபடி நடமாடியவர்களும் மருந்துப் பக்கம்தான் அதிகம். ரத்தமில்லாமல் பட்டினி கிடந்த பகுதியில் குழாய்ச் சுவரும் நைந்துபோகிறது. அடைப்புக் கரைந்து ரத்தம் திரும்பும்போது அங்கே பிய்ந்துகொள்கிறது. பிய்ந்த இடத்தை மூட உறையவேண்டிய ரத்தத்தையும் மருந்து உறையவிடுவதில்லை. அதற்குப் பகுத்தறியத் தெரியாது.

கணக்கு சரி. மனிதனுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

உறுத்துவது வேறு. அந்தக் காகிதத்தை நான் படிக்கவில்லை. அப்பா வாயைக் கோணிக்கொண்டு என்னையே பார்த்துக் கிடந்தார். அந்தப் பார்வை நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் போட்டேன். அவர் பொருட்டு என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறது.

தம்பிக்கும் இப்போது ரத்த அழுத்தம். அவனுக்கு வந்தாலும் கையெழுத்துப் போடுவேன். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.