அம்மன் காசும் ரோமானியத் தங்கமும்

போன வாரம் பேரனை அழைத்துக்கொண்டு அரிமளத்திலிருந்து பஸ் ஏறி, திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். சமஸ்தான காலத்தில், 1910-இல் தொடங்கியது. பணியில் இருந்தபோது எத்தனை முறை பிள்ளைகளை வரிசைகட்டி அழைத்துப் போயிருப்பேன்!

பழைய காசுகளைப் பார்த்ததும், "தாத்தா, தங்கக்காசு இல்லையா?" என்றான். வாத்தியாரிடம் கேட்கலாமா அப்படி? ஆரம்பித்துவிட்டேன்.

1898-இல் நம் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரு மண்பானை கிடைத்தது. உள்ளே 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரைக்குமான பேரரசர்களுடையவை. கடல் கடந்து வந்த காசு, நம்மூர் மண்ணுக்குள் ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்திலேயே உளியால் ஒரு வெட்டு. இனி இது பணமாகச் செல்லாது, எடைக்குத் தங்கம்தான் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

"அதெல்லாம் இப்ப எங்கே?"

அதில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டது என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. எனக்கும் கோபம் வந்தது. வகுப்பில் முப்பது வருஷம் பேசிய பேச்சையே மறுபடியும் பேசினேன்: நாட்டின் பொக்கிஷம், காப்பாற்றத் தெரியவில்லை, இத்யாதி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் மெதுவாக, "நம்ம வீட்ல பழைய காசு இருக்கா தாத்தா?" என்றான்.

இருந்தது. என் அப்பத்தா ஒரு கலயம் நிறைய அம்மன் காசு வைத்திருந்தார். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ஓரணாவுக்கு இருபது காசு. நவராத்திரியில் அரிசியோடு இதையும் தானமாகக் கொடுப்பது சமஸ்தான வழக்கம். அப்பத்தா சிறுமியாக இருந்தபோது வாங்கியதும் அந்தக் கலயத்தில் உண்டு. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதன் பிறகு நாங்கள் பல்லாங்குழிக்குச் சோழி போதாதபோது போட்டு விளையாடியது அந்தக் காசைத்தான்.

1979-இல் அக்கா கல்யாணம். சீர்ப் பாத்திரத்துக்குப் பணம் போதவில்லை. வீட்டிலிருந்த பழைய செம்பு, பித்தளையோடு அந்தக் கலயத்தையும் சாக்கில் கட்டிப் பாத்திரக் கடைக்குச் சைக்கிளில் கொண்டுபோனவன் நான்தான். அப்போது சரித்திரப் பாடம் படித்துப் பட்டம் வாங்கி ஒரு வருஷம். காசுகள் தராசுத் தட்டில் சலசலவென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எடைக்கு எடை ஒரு பித்தளைக் குடம் வாங்கி வந்தேன். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கலயத்தைக் கழுவி உப்புப் போட்டு வைத்துக்கொண்டார்.

பேரனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். லண்டன்காரன் மேல் இருந்த கோபம் அவனுக்கு என் பக்கம் திரும்பிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

ராத்திரி அக்காவுக்கு போன் போட்டு, "அந்தக் குடமாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"எந்தக் குடம்டா? அடி ஓட்டை விழுந்து அதை எடைக்குப் போட்டு எத்தனையோ வருஷமாச்சே!"

நம் பக்கத்து நண்பர்கள் யார் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலோ, பூஜை அலமாரியிலோ ஒரு அம்மன் காசு கிடந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பையன் இன்னும் சரியாகப் பேசவில்லை.