காணாமல்போன சீரியல் போர்ட்

ஆகஸ்ட் 22, 2022, திங்கள்

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டை. காலை ஷிப்டுக்கு முன்பே தயாராக இருக்கட்டும் என்று, ஷாப் கணினியை உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு மாற்றும் வேலையை நேற்று இரவே முடித்தாயிற்று. காலையில் திரை வந்தது, கோப்புகள் பத்திரமாக இருந்தன. டெர்மினல்தான் திறக்கவில்லை. ஐகானை அழுத்தினால் சற்று நேரம் சுழன்றுவிட்டு நின்றுவிடுகிறது. ஏன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரைக் கன்சோல் கிடைக்கும். அதில் கோப்புகளைப் பட்டியலிட்டபோது, தமிழில் பெயர் வைத்தவையெல்லாம் 340, 256 என்று எண்களாக வந்தன. விஷயம் அங்கேயே பிடிபட்டது. கட்டங்கட்டமாக வந்திருந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். லினக்ஸ் கன்சோலின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லாததால் அங்கே தமிழ் அப்படித் தெரிவது வழக்கம். எண்களாக வந்தால் தமிழை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் மொழி அமைப்பான லோகேலே இல்லை. மேம்படுத்தலின்போது அது உருவாகாமல் விடுபட்டிருக்கிறது. யுடிஎஃப்-8 லோகேல் கிடைக்காவிட்டால் க்னோம் டெர்மினல் எழுந்திருக்காது. மறுபடி உருவாக்கி, வெளியேறி உள்ளே வந்ததும் திறந்துகொண்டது.

“இங்கிலீஷுக்கே மாத்திடுங்க சார், தொல்லை விட்டுது” என்றார் முதலாளி. மறுத்துவிட்டேன். இரவு ஷிப்டில் தனியாக இருக்கும் பையன்கள் யாரையும் எழுப்பாமல் தாங்களே படித்துச் செய்யவேண்டும் என்றுதான் இந்தக் கணினியைத் தமிழில் வைத்தோம்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

டை வெட்டும் வி.எம்.சி. எந்திரத்துக்குப் புரோகிராம் போகவில்லை. லோகேலைவிட இது பெரிய சிக்கல். எந்திரம் நின்றால் ஜாப் நிற்கும்.

இந்த எந்திரத்தின் கண்ட்ரோல் பழையது. அதன் நினைவகத்தைக் காகித நாடாவின் நீளத்தில்தான் சொல்வார்கள்: 320 மீட்டர் என்றால் ஏறத்தாழ 128 கிலோபைட். டை வெட்டும் புரோகிராம் அதில் கொள்ளாது. அதனால் வெட்டி முடியும்வரை கணினி வரிவரியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வழி, 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232. புதிய கணினிகளில் பெரும்பாலும் அந்தப் போர்ட் கிடையாது என்பதால் சிஎச்340 சில்லு வைத்த யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறோம். மாட்டியதும் ‘டிடிஒய் யுஎஸ்பி 0’ என்று ஒரு கோப்பு தோன்றும். அதில் எழுதுவது எந்திரத்துக்குப் போகும். இன்று அந்தக் கோப்பே இல்லை.

“கேபிள் போயிடுச்சாண்ணா?” என்றார் ஆபரேட்டர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தம்பி; வீட்டில் தெலுங்கு, ஷாப்பில் தமிழ், அத்திப்பள்ளியிலிருந்து டூல் கொண்டுவருபவரிடம் கன்னடம். புதுக் கேபிள் வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு வண்டியை எடுக்கவே போய்விட்டார். கொஞ்சம் பொறுங்கள் தம்பி என்று நிறுத்தி, யுஎஸ்பி பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். 1ஏ86:7523 என்ற அடையாள எண் அதில் இருந்தது. சில்லு உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்து கெர்னலின் பதிவேடான டிமெசெக். அனுமதி இல்லை என்றது. 20.10 முதல் அதைப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டும். பழைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்கு இது புதிது. சூடோ சேர்த்ததும் வரிகள் வந்தன. கன்வெர்ட்டர் ‘டிடிஒய் யுஎஸ்பி 0’ ஆக இணைகிறது. உடனே ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற ஒன்று அதைத் தன்வசம் எடுக்கிறது. கன்வெர்ட்டர் துண்டிக்கப்படுகிறது. கேபிளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இதே வரிசை.

ஆகஸ்ட் 24, புதன்

22.04-க்கு மாறிய பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது. கேட்டால் எல்லாரும் ஒரே வரியில் முடிக்கிறார்கள்: பிஆர்எல்டிடிஒய் பேக்கேஜை நீக்கிவிடு. எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னவென்றே பார்க்காமல் ஒன்றைத் தூக்கி எறிவது பழுது பார்ப்பதாகாது.

பார்வையற்றவர்கள் லினக்ஸைப் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று அது. கன்சோலில் வரும் எழுத்துகளைப் பிரெயில் கருவியின் புள்ளிகளாக எழுப்பிக் கொடுக்கிறது. விரலால் தடவிப் படிக்கலாம், கட்டளை கொடுக்கலாம். 1995 முதல் எழுதப்பட்டு வருகிறது. பாரதி பிரெயில் 1951-இல் வகுக்கப்பட்டது. இந்த மென்பொருளிலும் தமிழுக்கென ஓர் அட்டவணை உண்டு. பிரெயில் கருவியைச் செருகியவுடன் யாரையும் கேட்காமல் வேலை தொடங்க வேண்டும், ஏனென்றால் அதைச் செருகுபவரால் திரையைப் பார்த்து ‘சரி’ அழுத்த முடியாது. அந்த அவசரம் நியாயமானது.

குழப்பம் எண்ணில் இருக்கிறது. 1ஏ86:7523 என்பது சில்லின் எண். அந்தச் சில்லைச் சுமக்கும் கருவிக்குத் தனி எண் இல்லை. ஒரு பிரெயில் கருவியும் இதே சில்லை வைத்திருப்பதால், செருகும் கருவிகளை அடையாளம் காணும் யுடெவ்வின் விதிக்கோப்பில் இந்த எண் சேர்ந்துவிட்டது. எங்கள் கன்வெர்ட்டரைச் செருகினால் யாரோ படிக்க வந்திருக்கிறார்கள் என்று அது நினைக்கிறது.

விதிக்கோப்பின் பெயர் 85-இல் தொடங்கும். அதை யுஎஸ்ஆர் அடைவிலேயே திருத்தினால் அடுத்த அப்டேட்டில் திருத்தம் போய்விடும். இடிசி அடைவின் கீழ் அதே பெயரில் நகல் வைத்து, அந்த எண் உள்ள வரிக்கு முன்னால் மட்டும் ஒரு ‘#’ குறி போட்டோம். இடிசியில் இருப்பதைத்தான் யுடெவ் எடுத்துக்கொள்ளும். மற்ற பிரெயில் கருவிகள் எல்லாம் இந்தக் கணினியில் வழக்கம்போல வேலை செய்யும். விதிகளை மறுபடி வாசிக்கவைத்து, கேபிளைக் கழற்றி மாட்டினோம். ‘டிடிஒய் யுஎஸ்பி 0’ வந்தது, நின்றது.

எந்திரத்தில் இருக்கிறபடி 9600 வேகம், 7 பிட், ஈவன் பாரிட்டி என்று வைத்து அனுப்பியதும், புரோகிராமின் முதல் வரியான ‘%’ கண்ட்ரோலில் விழுந்தது. ஆபரேட்டர் தம்பி தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு கூலன்டைத் திறந்தார்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

இரண்டு நாளாக டை வெட்டு நிற்கவில்லை. அலுவலக அறைக் கணினியை ஞாயிறன்று மேம்படுத்துகிறோம். முன்கூட்டியே எழுதிவைத்தவை: லோகேல் பட்டியலை நகலெடுக்க வேண்டும், இடிசி விதிக்கோப்பை முதலிலேயே வைத்துவிட வேண்டும், கன்வெர்ட்டரைச் செருகும்போது டிமெசெக் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த முறை கீபோர்டில் தம்பி உட்காருவார்.