லாகுகல காட்டில் ஒரு பகல்

காடு என்றதும் உள்ளத்தில் எழும் எண்ணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். புலவனுக்கு அது எழில். விறகு வெட்டுவோனுக்கு அது பிழைப்பு. வேளாண்மை செய்வோனுக்கோ அது வேலிக்கு அப்பால் நிற்கும் பகை. கல்முனையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வாழும் நம்மவர்க்கு நான்காவதாகவும் ஓர் எண்ணம் உண்டு. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போர்க்காலத்தில், காடு என்ற சொல்லே நம் வீடுகளில் தாழ்ந்த குரலில்தான் பேசப்பட்டது. அக்காலத்தில் பிறந்த பிள்ளைகள் காட்டிற்கு அயலில் வாழ்ந்தும் காட்டைக் காணாமலே வளர்ந்தனர்.

நாம் வாழும் இடமோ ஒடுங்கியதொரு நிலத்துண்டு. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இரண்டிற்கும் நடுவே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என ஊரோடு ஊரும், மதிலோடு மதிலும் ஒட்டிக் கிடக்கின்றன. தறியின் ஓசை, மீன்காரரின் கூவல், பஸ் வண்டிகளின் முழக்கம் ஆகிய இவற்றிடையே நம் பொழுது விடிந்து அடைகின்றது. அமைதி நாடுவோர் மாலையில் கடற்கரை மணலுக்குச் செல்வது அந்நாளைய வழக்கம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து சென்ற பின்னர், அந்த மணலும் எல்லோர்க்கும் அமைதி தருவதாக இல்லை. நம் மாமி அன்று தொட்டுக் கடற்பக்கம் முகம் திருப்பியதில்லை.

ஆகவே சென்ற பாடசாலை விடுமுறையில் எங்கே செல்வது என்ற பேச்சு எழுந்தபோது, பிள்ளைகள் காட்டைக் காணவேண்டும் என்றனர். வேளாண்மை செய்யும் நம் தம்பி மட்டும் சிரித்தான். “காசு செலவழிச்சு யானை பார்க்கப் போவானேன்? கதிர் முத்துற நேரம் நம்மட வயலுக்கு வாங்க. சும்மாவே பார்க்கலாம்” என்றான். அச்சிரிப்பின் அடியில் கசப்பு இருந்தது. முந்திய போகத்தில் ஓரிரவு யானைகள் இறங்கியதில், அவன் வயலின் ஒரு பகுதி விளைந்த கதிரோடு சேறாகிப் போயிருந்தது. ஆயினும் மாமி வருகின்றார் என்றறிந்ததும், மறுப்பின்றி அவனும் புறப்பட்டான்.

கல்முனையிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி எனக் கடலோரமாகவே செல்லும் வீதி, பொத்துவிலில் மேற்கு நோக்கித் திரும்பி மொனறாகலைப் பக்கம் செல்கின்றது. அங்கிருந்து சுமார் 15 கிலோமீற்றரில் லாகுகல. வழியில் வயல்கள் விலகி, மரங்கள் இருபுறமும் நெருங்கி வந்தன. வண்டிக்குள் அதுவரை ஓயாதிருந்த பேச்சு, எவரும் சொல்லாமலே அடங்கிற்று.

லாகுகல–கித்துலான தேசிய வனம் அளவில் சிறியது. அதன் பரப்பு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. 1966 இல் சரணாலயமாக்கப்பட்ட இக்காடு, 1980 இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. லாகுகல, கித்துலான, செங்கமுவ என மூன்று பழங்குளங்கள் அதனுள் உள்ளன. சிங்களத்தில் ‘பெரு’ என வழங்கும் நீர்ப்புல் அக்குளங்களில் உயர்ந்து செழித்து நிற்கும். கோடையில் சுற்றுப்புறம் யாவும் காய்ந்து கருகும்போது, அப்புல்லையும் நீரையும் நாடி யானைகள் இங்கே கூடுகின்றன. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் உணவு வேண்டும் என்பர். அத்தனை பெரிய பசிக்கு இச்சிறு காடு இலை போட்டு வைத்திருக்கின்றது!

முதலில் நாம் சென்றது, மரங்கள் சூழ நிற்கும் மகுல் மகா விகாரை என்னும் பழம்பெரும் இடத்திற்கு. அங்கே 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டும், யானைமேல் பாகர் அமர்ந்திருப்பதாகச் செதுக்கிய அரைவட்டப் படிக்கல்லும் உள்ளன. யானையும் மனிதனும் ஒருகாலத்தில் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கு அக்கல்லே சான்று. வெளியே வெயில் கொளுத்திற்று. மரநிழலிலோ மண் குளிர்ந்திருந்தது. பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நிற்கும் வறண்ட நிலத்துக் காடு அது. காற்று வீசும்போது இலைகள் நெடுநேரம் இரைந்தன. மரங்கொத்தி ஒன்று தச்சுவேலை செய்துகொண்டிருந்தது. காட்டுக்கோழி எங்கோ ஒருமுறை கூவி ஓய்ந்தது.

பிள்ளைகள் கல்லைத் தடவிப் பார்த்துத் திரிய, மாமி ஒரு மரத்தடியில் அமர்ந்துவிட்டார். நெடுநேரம் பேசவில்லை. களைப்போ என்று எண்ணி நாம் அருகே சென்றோம். மேலே இலைகளை நோக்கியவாறே, “இங்கெயும் இரைச்சல் இருக்கு மகன். ஆனா, இது நம்மள நோக்கி வரல்ல” என்றார். அவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் வீட்டில் எவரும் கேளாதிருந்த வினாவிற்கு, அவராகவே அங்கே விடையளித்துவிட்டார். நாமும் அவரருகே வெறுமனே அமர்ந்திருந்தோம்.

வெயில் தாழ்ந்தபின், வீதியோரத்தில் வண்டியை நிறுத்தித் தொலைவிலிருந்தே குளத்தை நோக்கினோம். புல்லுக்கு மேலே கருமுதுகுகள் தெரிந்தன. ஏழு யானைகள், அவற்றுள் ஒன்று கன்று. புல்லைத் துதிக்கையால் பற்றிப் பிடுங்கி, வேரிலுள்ள சேற்றை நீரில் அலசி, ஆறுதலாக உண்டன. அவற்றின் முதுகில் வெண்கொக்குகள் அமர்ந்திருந்தன. தம்பி நெடுநேரம் கைகட்டி நின்றான். “நம்மட வயலுக்கு வாறதும் இதே சாதிதானா?” என்றான். நம் இளைய மகள் கேட்டாள்: “இதுகளுக்கு இங்க சாப்பாடு காணாதா சாச்சா?” அவன் உடனே விடை சொல்லவில்லை. “கோடையில காணாது மகள். போற வழியிலயும் நாங்கதானே குடியிருக்கம்” என்றான் பின்னர். யானைவெடியும் தீப்பந்தமும் கொண்டு இரவெல்லாம் பரணில் விழித்திருப்பவன் வாயிலிருந்து அச்சொல் பிறந்தது.

நாம் பள்ளியில் ஆங்கிலப் பாடம் படித்த காலத்தில், அந்நாட்டுச் சோலைகளைப் பற்றி ஆசிரியர் விரித்துரைப்பார். ஓக் மரமும் பீச் மரமும் நிழல் செய்ய, வசந்தத்தில் நீலமணிப் பூக்கள் தரையெல்லாம் விரிந்து கிடக்குமாம். அமைதியான கானகம் என்றால் அதுவே என்று நாம் அன்று எண்ணினோம். பின்னாளில்தான் அதன் வரலாற்றை அறிந்தோம். கரடியும் ஓநாயும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே அழிந்தொழிந்தன. 1079 ஆம் ஆண்டளவில் முதலாம் வில்லியம் மன்னன் ‘நியூ பாரஸ்ட்’ என்னும் காட்டைத் தன் வேட்டைக்கெனக் காவலிட்டான். விறகு பொறுக்கவும் ஆடுமாடு மேய்க்கவும் எளியவர்க்கு இருந்த உரிமையை உறுதிசெய்யும் சாசனம் 1217 இல் பிறந்தது. ஆகவே அங்கேயும் காட்டின் அமைதி தானாக வந்ததன்று. யார் எவ்வளவு எடுக்கலாம், யார் எங்கே நிற்கவேண்டும் என்று மனிதர் தமக்குள் வரம்பு வகுத்துக்கொண்டதனால் காக்கப்பட்டது. வேறுபாடு யாதெனில், அங்கே அஞ்சத்தக்க பெருவிலங்கு எஞ்சவில்லை. நம் காட்டில் யானை இன்னும் இருக்கின்றது. அஞ்சத்தக்கது இருந்தும் அமைதியாக விளங்கும் காடு, அதனினும் அரிய செல்வம் அன்றோ?

அச்செல்வம் நம் அடுப்பங்கரை வரை வருகின்றது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். மாரியில் பெய்யும் மழையைக் காட்டின் சருகும் வேரும் உறிஞ்சிப் பிடித்து, சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகின்றன. காடு அழிந்த இடத்தில் அம்மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிக் குளத்தைத் தூர்த்துவிடும். பட்டிப்பளை ஆறு என நம் முன்னோர் வழங்கிய கல்லோயாவை மறித்து, இங்கினியாகலையில் 1949 இல் அணைவேலை தொடங்கினர். அங்ஙனம் உருவான சேனாநாயக்க சமுத்திரத்திற்கு நீர் சேரும் காட்டை, 1954 இல் கல்லோயா தேசிய வனமாக்கிக் காத்தனர். சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் இன்று பாயும் நீர், அக்காட்டின் நிழலில் ஊறிய நீரே. அதே திட்டத்திற்காகப் பெருங்காடு வெட்டி வயலாக்கப்பட்டதும் உண்மை. நமக்குச் சோறு வந்த வழியிலேதான் யானையின் வழி மறிக்கப்பட்டது.

2011 இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 400 க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் 150 க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். இவ்விரு தொகைகளையும் ஒன்றாகவே நினைத்தல் வேண்டும். வயலிழந்தவனின் கண்ணீரை மறந்து யானைக்காக மட்டும் இரங்குவது நகரத்தார் இரக்கம். யானையின் பசியை மறந்து வெடியை மட்டும் நம்புவது பயனற்ற வீரம். காட்டின் எல்லையில் மின்வேலி இடுவதைவிட, ஊரையும் விளைந்த வயலையும் சுற்றி வேலியிட்டு, அறுவடை முடிந்தபின் வயல்வேலியை அகற்றுவதே பயன் தரும் என ஆய்வாளர் பலர் கூறுகின்றனர். தாள் நிறைந்த வயல் அப்போது யானைக்கும் உதவும். தம்பி இதனைக் கேட்டு, தன் கண்டத்து விவசாயிகளிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றான். அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது இனிமேற்றான் தெரியும்.

காட்டிற்குச் செல்லும் குடும்பங்கள் செய்யவேண்டியவை மிகச் சிலவே. வாகன ஒலியைக் குறையுங்கள். வீதியோரம் நிற்கும் யானைக்குப் பழம் எறியாதீர்கள். கொண்டுசென்ற பொலித்தீன் பையை வீட்டிற்கே திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகளைச் சிறிதுநேரம் பேசாமல் அமரச் செய்யுங்கள். ஒரு தலைமுறை காட்டை அச்சத்தால் அறிந்தது. அடுத்த தலைமுறையாவது அதனை அயலாராக அறியட்டும். நல்ல அயலார் இருவர்க்கிடையே ஒரு வேலி இருக்கும். அவ்வேலியை இருவரும் மதிப்பதனாலேயே இரு வீட்டாரும் இரவில் நிம்மதியாக உறங்குவர்.