கடற்கரை வீட்டில் கழலாத நட்டு

பழைய காயல் பக்கம் வாழை வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு 68 வயது. தாமிரபரணி கடலில் விழுகிற புன்னக்காயலுக்குச் சற்று மேலே ஒன்றரை ஏக்கர் நிலம். ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர். கைத்தெளிப்பானுக்கு வாஷர் மாற்றுவதற்கெல்லாம் அவர் கடைக்குப் போனதே இல்லை. அப்படிப்பட்டவருடைய வீட்டில், மூன்று மாதமாக ஒரு நட்டு கழலாமல் கிடந்தது. அது கழலவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

அவர் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம். குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பழைய கழிப்பறையை இடித்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தார்கள். பீங்கான் நல்லதாகவே வாங்கினார்கள். மேலே உட்காரும் பிளாஸ்டிக் சீட்டை மட்டும் பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி மாட்டினார்கள். அதோடு வந்த இரண்டு போல்ட்டும் முலாம் பூசிய சாதாரண இரும்பு.

2023 டிசம்பர் வெள்ளத்தை அந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தன. இவர்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு எல்லா வீட்டிலும் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது: பிளீச்சிங் பவுடரை அள்ளித் தெளித்தார்கள், கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றினார்கள். நோய் வராமல் இருக்க பிளீச்சிங் பவுடர் வேண்டியதுதான். ஆனால் அது போல்ட்டுக்கு எமன். ஆசிட் அதைவிடப் பெரிய எமன். முலாம் போய், உள்ளிருந்த இரும்பு வெளியே வந்தது.

அதிலிருந்து சீட்டு ஆடத் தொடங்கியது. ஒரு போல்ட்டின் நட்டு பாதி தின்னப்பட்டுத் தளர்ந்துவிட்டது. அதனால் உட்கார்ந்தால் சீட்டு இடது பக்கம் வழுக்கும். பகலில் அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார். இரவில் பயம். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

இதைக் கண்டுபிடித்தது ஆறுமுகநேரியில் கட்டிக்கொடுத்த மகள். அம்மாவுக்கு இரண்டாவது தடவையாக நீர்க்கடுப்பு வந்து மாத்திரை வாங்கப் போனபோது விசாரித்திருக்கிறார். "எப்பா, அம்மா ராத்திரி தண்ணியே குடிக்கிறதில்ல, தெரியுமா? அந்த சீட்டு ஆடுதாம்."

கிராமங்களில் இது அபூர்வமான கதையில்லை. வயதான பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது வீட்டு ஆண்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். வாழைக்குத் தண்ணீர் குறைந்தால் இலையைப் பார்த்தே சொல்லிவிடுகிறவர்கள்தான் அவர்களும்.

பிளம்பர் வந்து பார்த்தார். "நட்டு பீங்கானோட ஒட்டிப்போச்சு அண்ணாச்சி. கழட்டுனா கோப்பை உடைஞ்சுரும். மொத்தமா மாத்திருவோம்" என்றார். கோப்பை, தரை ஓடு, கூலி என்று அவர் சொன்ன தொகை ஒரு தார் வெட்டின காசை விழுங்கிவிடும். அண்ணாச்சி யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். என்ஜினில் இதைவிட மோசமான நட்டுகளைப் பார்த்தவர் அவர்.

கடலோரத்தில் ஏன் எல்லாம் இப்படித் துருப்பிடிக்கிறது? உப்புக் காற்று என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மருந்தும் தெரியும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் பிராணவாயுவும் போதும். உப்பு அதற்குள் மின்சாரம் ஓட வழி செய்து வேகத்தைக் கூட்டுகிறது. அதோடு உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே கசிந்துவிடும். கடல்நீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். தூத்துக்குடிக் கடற்கரையில் காற்று அவ்வளவு வறண்டு போகும் நாள் குறைவு. ஆக, போல்ட்டின் மேல் படிந்த உப்புத் தூசி வெயில் நாளிலும் ஈரமாகவே இருக்கும்; துடைக்கிற வரை தின்றுகொண்டே இருக்கும்.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் மரையில் இருக்கிற இடைவெளி மயிரிழைதான். அதில் துரு வீங்கினால் ஆப்பு அடித்த மாதிரிதான். பலம் போட்டுத் திருகினால் கழலாமல் முறிவது இதனால்தான்.

பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பார்க்கலாம். 1914-ல் திறந்த இரும்புப் பாலம் அது. வருடம் முழுக்கப் பெயின்ட் அடித்து அடித்தே அதைக் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். துருவை ஆராய்வதும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வேலைகளில் முக்கியமானது. 1953-ல் திறந்த அந்த நிலையத்துக்கு மண்டபத்திலும் தூத்துக்குடி துறைமுகப் பகுதியிலும் கிளைகள் உண்டு. அரசாங்கமே இவ்வளவு மெனக்கெடுகிற எதிரியிடம் ஒரு மலிவு போல்ட்டு தோற்றதில் ஆச்சரியமில்லை.

அண்ணாச்சி முதலில் செய்தது, ஆசிட் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தது. துருவை ஆசிட் கரைக்கும், அதனால் கழட்டவும் உதவும் என்று சிலர் ஊற்றுவதுண்டு. செய்யக் கூடாது. மிச்சம் தங்குகிற ஆசிட்டு புதுப் போல்ட்டையும் தின்னும். பிளீச்சிங் பவுடர் கிடக்கிற இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிப்பறைக்குள் அது ஆளைச் சாய்த்துவிடும்.

பிறகு இரண்டு போல்ட்டையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பழைய பல் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடைத்தார். ஈரத்தின் மேல் எண்ணெய் இறங்காது. என்ஜினுக்கு வைத்திருந்த டீசலில் கொஞ்சம் ஆயில் கலந்து, மேலே தலைப் பக்கமும் கீழே நட்டுப் பக்கமும் சொட்டுச் சொட்டாக விட்டார். துரு இளக்கும் ஸ்ப்ரே கடையில் கிடைக்கிறது, அது இன்னும் நன்றாக இறங்கும். எதை விட்டாலும் அவசரப்படக் கூடாது. அவர் காலை, மாலை என்று இரண்டு நாள் விட்டார். அந்த இரண்டு நாளும் சீட்டை எடுக்காமல், ஆடுகிற பக்கத்துக்குக் கீழே மடித்த சைக்கிள் டியூபைச் சொருகிவைத்திருந்தார். கதவுக்கு வெளியே இரவு முழுக்க விளக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் வேலை. பூச்சி மருந்து அடிக்கும்போது போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து படுத்தார். கீழே கிடந்து மேலே பார்த்தால் துருத்தூள் நேரே கண்ணில்தான் விழும். மேலே போல்ட்டின் தலையில் திருப்புளியை வைத்து மனைவியைப் பிடிக்கச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் பிடித்துக்கொண்டார். கீழே நட்டில் ரிங் ஸ்பேனர். கட்டிங் பிளேயரை அவர் தொடவே இல்லை. துரு தின்ற நட்டில் பிளேயரைப் போட்டால் மூலைகள் மழுங்கி, அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். கீழே படுத்து நட்டைப் பார்க்கிறவருக்கு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். மேலே நின்றபடி கையை மட்டும் கீழே விட்டுத் திருப்புகிறவருக்கு அது அப்படியே மாறும்: முள் சுற்றுகிற பக்கமே கழலும் பக்கம். இது தெரியாமல் இறுக்கிக்கொண்டே போய்ப் பீங்கானை உடைத்தவர்கள் உண்டு.

அவர் முதலில் மயிரிழை அளவு இறுக்குகிற பக்கம் அசைத்தார். துருவின் பிடி விடுவதற்கு அந்த அசைவு போதும். பிறகு எதிர்ப்பக்கம். மீண்டும் எண்ணெய். மீண்டும் அசைவு. கால் மணி நேரத்தில் வலது பக்க நட்டு கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு இளகியது.

"ஏளா, கழந்துட்டுது!"

"சத்தம் போடாதீங்க, அடுத்ததப் பாருங்க" என்றார் அந்த அம்மாள், திருப்புளியை விடாமல்.

அடுத்தது லேசில் வரவில்லை. நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றியது. தலையில் திருப்புளி உட்காரும் பள்ளம் அரித்துப் போய்விட்டது. இந்த இடத்தில்தான் ஆட்கள் சுத்தியலை எடுப்பார்கள், அல்லது கேஸ் அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைப்பார்கள். என்ஜினில் இரண்டும் செல்லும். பீங்கானில் ஒன்றும் செல்லாது. ஒரே இடத்தில் சூடு ஏறினால் பீங்கான் விரியும், டீசல் சொட்டியிருக்கிற இடத்தில் தீயும் பிடிக்கும். விரிசல் விட்ட கோப்பையில் உட்கார்ந்தால் அது ஒரு நாள் உடைந்து, கத்தி மாதிரி தொடையை அறுக்கும்.

அவர் ஆக்ஸா பிளேடை எடுத்தார். சட்டத்தோடு அல்ல, வெறும் பிளேடு, பல் நெருக்கமாக உள்ளது. ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கைப்பிடி ஆக்கிக்கொண்டார். சீட்டின் கீலுக்கும் பீங்கானுக்கும் நடுவில் ரப்பர் வாஷர் இருக்கிற சந்துதான் அறுக்கும் இடம். பீங்கானில் கீறல் விழாமல் இருக்க மனைவியின் பழைய எக்ஸ்ரே பிலிமில் ஒரு துண்டு வெட்டி மேலே விரித்தார். அந்த முழங்கால் படம் கடைசியில் இதற்குப் பயன்பட்டது. சொட்டு எண்ணெய் விட்டு, அவசரமில்லாமல் நீளமாக இழுத்து அறுத்தார். இடையில் ஒரு காபி. இருபது நிமிடத்தில் போல்ட்டு அறுந்து, அடித்துண்டு நட்டோடு கீழே விழுந்தது. கோப்பையில் ஒரு கீறல் இல்லை.

புதுப் போல்ட்டு வாங்கத் தூத்துக்குடிக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத்துண்டு கொண்டுபோனார். பளபளவென்று எஸ்.எஸ். என்று சொல்லிக் கொடுக்கிறதில் பாதி முலாம்தான். காந்தம் பச்சக்கென்று ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். எஸ்.எஸ்.ஸிலும் 304, 316 என்று இரண்டு ரகம் சாதாரணமாகக் கிடைக்கும். 316-ல் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்புக்கு அதிகம் தாங்கும், விலையும் அதிகம். அண்ணாச்சி இரண்டையும் பார்த்துவிட்டு நைலான் போல்ட்டு வாங்கினார். கழிப்பறைக்குள் வெயில் படாது, நைலானுக்குத் துரு என்ற பேச்சே இல்லை. அது நாளாவட்டத்தில் கொஞ்சம் தளரும். மாதம் ஒரு தடவை கையால் அசைத்துப் பார்த்தால் போதும். 316 எடுத்திருந்தாலும் தப்பில்லை. எஸ்.எஸ்.ஸில் எஸ்.எஸ். நட்டை முடுக்கும்போது மட்டும் மரையில் கிரீஸ் தடவ வேண்டும். இல்லையென்றால் துரு இல்லாமலே கடித்துக்கொள்ளும். போல்ட்டு மட்டும் வாங்காமல் சீட்டும் மாற்றுகிறவர்கள், கோப்பையில் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும், ஓட்டையிலிருந்து முன் விளிம்பு வரை உள்ள நீளத்தையும் அளந்துகொண்டு போவது நல்லது.

மாட்டும்போது மேலும் கீழும் ரப்பர் வாஷர். கையால் முடுக்கி நின்ற பிறகு, ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் இல்லை.

அதோடு நிற்கவில்லை. உட்கார்ந்து எழும்போது பிடித்துக்கொள்ள, சுவரில் ஒரு எஸ்.எஸ். கைப்பிடி அடிக்கச் சொன்னார். எந்த உயரம் என்று பிளம்பர் கேட்டபோது அண்ணாச்சி பதில் சொல்லவில்லை, மனைவியைக் கூப்பிட்டார். அவர் சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்கள்.

ஆசிட் பாட்டில் திரும்ப உள்ளே வரவில்லை. சோப்புத் தூளும் பிரஷ்ஷும்தான். உப்புக்கறை படிந்தால் வாரம் ஒரு தடவை வினிகரில் நனைத்த துணி, அப்புறம் நல்ல தண்ணீர்.

இப்போது அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் நட்டு ஒட்டிக்கொண்டாலும் அண்ணாச்சியைத்தான் கூப்பிடுகிறார்கள், அது போர்செட் பைப்பின் பிளேஞ்சாக இருந்தாலும் சரி. டீசல் விட்டாச்சா, எத்தனை நாள் ஆச்சு என்று கேட்கிறார். நேற்று ராத்திரி விட்டோம் என்றால், நாளைக்கு வாரேன் என்று வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுகிறார்.