தாத்தா படுத்த மாடி

வானொலி வேலையில் விடுப்பு எடுத்து, மூன்று மாதத்தில் மூன்றாவது முறையாகப் பினாங்கு வந்திருக்கிறேன். நாகூர் தர்காவைக் கடந்து சூலியா தெருவில் நடந்தால், அதே கடைவீட்டின் ஐந்தடியில்தான் கால் நிற்கிறது. அது பீர் கூடமும் உணவகமுமாக மாறிக்கொண்டிருக்கிறது.

முதல்முறை கூரை ஓடுகளை இறக்கியிருந்தார்கள். அடுத்த முறை பழைய சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். "சிமெண்ட் பூசினா ஈரம் வெளியேறாதுண்ணே, சுவர் உப்பு பூத்துடும்" என்றார் கொத்தனார். இப்போது விளக்கு மாட்டுகிறார்கள்.

என் தாத்தா இங்கே கீழே கணக்கெழுதி, மாடியில் படுத்தவர். முதலாளி தமிழ் முஸ்லிம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அந்த வணிகர்களைத்தான் சூலியா என்றார்கள். தெருவுக்கும் அதே பெயர். 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய வாடகைதாரர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முகப்புகள் தப்பின. அதற்குள் ஆட்கள் போய்விட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபமில்லை. பூட்டிக் கிடந்து இடிவதைவிட விளக்கெரிவது மேல். மாடிச் சுவரில் அந்தப் பழைய கடையைப் பற்றி நாலு வரி எழுதி மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேற்பார்வையாளர் தலையாட்டினார். திறந்ததும் அப்பாவோடு வருவேன். அவர் தேத்தண்ணிதான் கேட்பார்.