செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில்

உறவினர் இல்லக் குழந்தையின் ஞானஸ்நானத்திற்காகச் சென்ற தை மாதம் இராசபாளையம் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியும் விருந்தும் இனிதே நிறைவேறின. ஊர் திரும்பும் இரயில் மறுநாள் மாலையில்தான். இடையில் கிடைத்த அரை நாளை எவ்வாறு கழிப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, 82 வயதான எங்கள் அத்தை, "செண்பகத்தோப்புக்கு ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார்.

அவருக்கு இரு கண்களிலும் பார்வை மிகவும் மங்கிவிட்டது. எதிரில் நிற்பவரைக் குரலைக் கொண்டே அறிந்துகொள்கிறார். மலையடிவாரத்தில் போய் அவர் எதைக் காணப்போகிறார் என்று வீட்டார் தயங்கினர். "கண்ணுதானே போச்சு, மூக்கு நல்லாத்தானே இருக்கு?" என்று அத்தை கேட்டபின் மறுத்துப் பேச எவருக்கும் வாய் வரவில்லை. பதினோராம் வகுப்பில் பயிலும் எங்கள் மகன், அத்தை சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வதாகக் கூறி, பழைய நாட்குறிப்பேடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அத்தை பிறந்து வளர்ந்த ஊர் இது. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் தொடங்கிய இராசபாளையம் மில்ஸும், அதனைப் பின்பற்றி எழுந்த நூற்பாலைகளும் இவ்வூரைப் பஞ்சின் ஊராக்கின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. பருத்தியிலும் நாட்டுக் கருங்கண்ணி வேறு. 1904-05 வாக்கில் சென்னை மாகாணத்தில் புகுந்த கம்போடியாப் பருத்தி வேறு. இரண்டின் பஞ்சையும் விரலால் நெருடியே பிரித்துச் சொல்லிவிடுவாராம் அத்தை. ஊரைக் கடந்ததும் மாந்தோப்புகள் தொடங்கின. "மாம்பூ விட்டிருக்கு, சப்பட்டையா, பஞ்சவர்ணமான்னு கேட்காதே, பழம் கையிலே வந்தாத்தான் சொல்வேன்" என்றார். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற மாவினங்கள்.

வழியில் ஒரு தோட்டத்து வேலியருகே வண்டியை நிறுத்தியிருந்தோம். இறங்கிய அத்தை வேலியைத் தடவிப் பார்த்து, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "சிறுபூனைக்காலி. சின்ன வயசிலே இதோட பழத்தைத் தேடித்தேடித் தின்போம்." வலை போன்ற பச்சைப் பாசியுறைக்குள் கோலிக்குண்டு அளவில் மஞ்சள் பழம். எத்தனையோ வேலிகளில் நாம் காணாமலே கடந்துபோன கொடிதான். இலையின் நாற்றத்தை வைத்தே தாவர நூலார் இதற்கு இலத்தீனில் 'பாசிஃபுளோரா ஃபெட்டிடா' எனப் பெயரிட்டனர். பெயரின் முற்பகுதிக்குப் 'பாடுகளின் மலர்' என்பது பொருள்.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்குச் சென்ற ஸ்பானிய மறைபரப்பாளர்கள் இக்குடும்பத்துப் பூவில் ஆண்டவருடைய திருப்பாடுகளைக் கண்டார்கள். நடுவிலுள்ள இழை வளையம் முள்முடி. ஐந்து மகரந்தப் பைகள் ஐந்து திருக்காயங்கள். மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள். வெளியிதழும் அகவிதழுமாகப் பத்து இதழ்கள். யூதாசையும் இராயப்பரையும் விடுத்த அப்போஸ்தலர் பதின்மர் என்றனர். (மறுதலித்த இராயப்பரையும் காட்டிக்கொடுத்த யூதாசையும் ஒரே வரிசையில் தள்ளியது சற்றுக் கடுமையாகவே நமக்குப் படுகிறது.) இவ்வூர் வேலியில் படர்ந்திருப்பது அக்குடும்பத்தின் ஏழைத் தங்கை. மகன் ஒரு பூவைப் பறித்து எண்ணினான்: ஐந்து, மூன்று. அத்தையின் விரலைப் பிடித்து அவற்றைத் தொடவைத்தான். எத்தனையோ தபசு காலங்களில் சிலுவைப்பாதை செய்த அத்தைக்கு, தாம் பழம் தின்ற கொடியின் இந்தக் கதை அன்றுதான் தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஊருக்குள் நுழையும் முன்பே கோபுரம் தெரிகிறது. இங்குள்ள பெருமாளின் வடபத்ரசாயி என்னும் பெயரே ஒரு மரத்தைச் சொல்வது: ஆலிலையில் துயில்பவர். பெரியாழ்வார் மலர் வளர்த்து மாலை தொடுத்த நந்தவனமும், துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்த இடமென்று மக்கள் போற்றும் இடமும் இங்கே உள்ளன. வேற்றுச் சமயத்தார் நாம். ஆயினும் ஒரு தோட்டக்காரரை முன்னிறுத்தி ஓர் ஊர் தன் வரலாற்றைச் சொல்வது நமக்கு உவப்பாக இருந்தது.

துளசிக்குச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1767-இல் வைத்த பெயர் 'ஓசிமும் சாங்க்தும்'. பூசையில் 'சாங்க்துஸ்' பாடிப் பழகிய நம் முதியோருக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அதே செடிக்கு 1753-இலேயே அவர் வேறொரு பெயர் வைத்திருந்ததால், முந்திய பெயரே செல்லும் என்னும் விதிப்படி 'சாங்க்தும்' இன்று வழக்கொழிந்தது. புத்தகத்தில் புனிதம் போனாலும், மாடத்துத் துளசிக்கு ஒரு குறையும் நேரவில்லை.

ஆண்டாளின் கையிலுள்ள கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூவால் அலகு, மரவள்ளி இலைகளால் உடல், கட்டுவதற்கு வாழை நார். இதிலே மரவள்ளி நம்மை நிறுத்திவிட்டது. பிரேசில் நாட்டுச் செடி அது. போர்த்துக்கீசியர் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்து, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னரால் ஏழைகளின் பசி தீர்க்கும் கிழங்காகப் பரப்பப்பட்டது. ஆண்டாளின் காலத்தில் இந்நாட்டில் இல்லாத இலை இன்று அவர் கைக்கிளியின் உடலாகிவிட்டது.

பூக்கடைத் தெருவில் மற்றொரு வியப்பு காத்திருந்தது. நம் ஆலயப் பீடங்களிலும், சப்பரத்தில் பவனி வரும் சுரூபங்களின் கழுத்திலும், அன்புக்குரியோரின் சவப்பெட்டி மீதும் நாம் சாத்துகிற வெண்ணிறச் சம்பங்கி மெக்சிக்கோ நாட்டுக் கிழங்குச் செடி. வந்த இடத்தில் அதற்குப் பெயர் இல்லை. மணத்துக்கு இங்கே முன்னரே பெயர்பெற்ற மரம் செண்பகம். அம்மரத்தின் பெயரே வடுக மொழிகளில் சம்பங்கி என்று திரிந்தது. நிலத்தில் பூப்பதால் வந்தேறிக்கு 'நிலச்சம்பங்கி' என்று பெயர் கொடுத்தார்கள். இன்று முழம் போட்டு விற்கப்படுவது அதுதான். பெயர் கொடுத்த செண்பகம் எங்கே என்று கேட்டோம். பூக்கார அம்மாள் மேற்கே மலையைக் காட்டினார்.

அம்மலையடிவாரமே செண்பகத்தோப்பு. நரைநிற மலையணிலுக்காக 1988-இல் சரணாலயமாக்கப்பட்ட காடு இது. 2021-இல் மேகமலையோடு இணைக்கப்பட்டு, ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலிகள் காப்பகமாயிற்று. நாங்கள் வனத்துறைச் சாவடிக்கு இப்பாலே நின்றுகொண்டோம். புளிய மரம் ஒன்றின் உச்சியில் அணில் கூட்டைக் காவலர் சுட்டினார். அணிலைக் காணவில்லை, கொறித்துப் போட்ட புளியங்காய்கள்தாம் காலடியில் கிடந்தன. புளியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. அரபு வணிகர் அதனை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைக்க, உலகமும் அவ்வாறே நம்பிவிட்டது.

மலைக்கு அப்பால் மலையாள நாட்டில், டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஓர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னார். கர்மேல் சபைத் துறவி மத்தேயு அடிகளும் அதில் உழைத்தார். செண்பகத்தின் நாட்டுப் பெயர் அந்நூலில் ஏறி, பின்னர் லின்னேயஸின் இலத்தீனிலும் நிலைத்தது. நம் காலத்தில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-இல் இராப்பினாட் தாவர நிலையத்தைத் தொடங்கிய சேசு சபை அருட்தந்தை கே.எம். மேத்யூ, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எண்பதுகளில் வெளியிட்டு, 2004-இல் இறைவனடி சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு செடியும் உலர்த்தப்பட்டு, தாளில் ஒட்டப்பட்டு, கிடைத்த இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இட்டி அச்சுதன் சொல்லாமற் போயிருந்தால் எத்தனை பெயர்கள் அவரோடு முடிந்திருக்கும் என்று எண்ணியவாறே அத்தையைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் ஒரு மாந்தோப்பு வரப்பில் அமர்ந்து, கைக்கெட்டிய செடியின் இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தார். முகம் மலர்ந்தது. "பிள்ளை பெத்த வீட்டிலே குளிக்க வெந்நீர்லே இதைத்தான் போடுவாக. எங்கம்மா எனக்கும் போட்டாக" என்றார். பெயரென்ன என்று மகன் கேட்டான். அத்தை வாய் திறந்தார், பெயர் வரவில்லை. மீண்டும் முகர்ந்தார். நெடுநேரம் காத்திருந்தோம். "நாக்கு நுனியிலே நிக்குது ராசா" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

மகன் அந்த இலைக்கொத்தைக் குறிப்பேட்டில் ஒட்டி, நாளும் இடமும் அத்தையின் பெயரும் எழுதினான். செடியின் பெயருக்கு ஒரு வரி விட்டிருக்கிறான். வீடு திரும்பியபின் அத்தை இருமுறை தொலைபேசியில் அழைத்து ஒரு பெயர் சொன்னார். இருமுறையும் மறுநாளே, "அது இல்லப்பா, அழிச்சிரு" என்றார்.